கொல்லர் மகன் கட்டிய கார்கள்: சோய்சிரோ ஹோண்டா

ஜப்பான் பெர்ஃபார்மன்ஸ் கார்கள்ல எது உண்மையிலேயே கிரேட்? இந்தக் கேள்வியை ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பாருங்க, அன்னைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. ஒருத்தர் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் என்பார். ஆர்32 மாடல் 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டிகளில் ஓடிய 29 ரேஸ்களிலும் ஜெயித்த கதையைச் சொல்வார். இன்னொருத்தர் டொயோட்டா சுப்ராவோட 2ஜேஇசட் இன்ஜின் எவ்வளவு பவர் தாங்கும்னு ஆரம்பிப்பார். ரோட்டரி ரசிகர், 1991-ல் மாஸ்டா 787பி லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயித்ததைச் சொல்லிப் பேச்சை முடிச்சிடுவார். ஓரமா இருக்கிறவர் ஹோண்டா என்எஸ்எக்ஸ் என்பார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பெனிகள் எந்தக் காருக்கும் 280 குதிரைத்திறனுக்கு மேல் காட்டுவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருந்தன. அதனால காகிதத்தில் ஆர்32, சுப்ரா, என்எஸ்எக்ஸ் மூன்றுக்கும் ஒரே எண்தான். ஸ்பெக் ஷீட்டை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது, வேற அளவுகோல் வேணும். அதைத் தேட, கார் உலகத்துக்குக் கடைசியாக வந்து எல்லாரையும் மிரள வைத்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

பட்டறையிலிருந்து ரேஸ் டிராக்குக்கு

சோய்சிரோ ஹோண்டா பிறந்தது 1906 நவம்பர் 17. ஊர், ஜப்பானின் ஹமமட்சு நகருக்கு அருகே ஒரு கிராமம். அப்பா கிஹே கொல்லர், பிறகு சைக்கிள் ரிப்பேர் கடையும் வைத்தார். அம்மா மிகா நெசவு செய்தவர். பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, மெஷின்னா உயிர். 1917-ல் ஹமமட்சுவுக்கு ஒரு அமெரிக்க விமானி சாகசம் காட்ட வந்தபோது, அப்பாவின் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு பார்க்கக் கிளம்பிட்டார்.

15 வயதில் டோக்கியோவின் ஆர்ட் ஷோகாய் என்ற கார் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். முதல் சில மாதங்கள் முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பிறகுதான் ஸ்பேனரைத் தொட விட்டார்கள். கடையில் ஒரு கர்ட்டிஸ் விமான இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டினார்கள். 1924 நவம்பரில் அது முதலிடம் பிடித்தபோது, டிரைவருக்குப் பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்தவர் 18 வயது ஹோண்டா. 1928-ல் அதே கடையின் கிளையை ஹமமட்சுவில் திறந்தார்.

1936 ஜூனில், டோக்கியோ அருகே புதிதாகத் திறந்த டமகாவா ஸ்பீட்வேயில் தானே கட்டிய காரை ஓட்டினார். கார் கவிழ்ந்து அவர் தூக்கி எறியப்பட்டார். கூட இருந்த தம்பி பெஞ்சிரோவுக்கு முதுகெலும்பில் அடி.

50-க்கு 3

ரிப்பேரிலிருந்து உற்பத்திக்குப் போக ஆசைப்பட்டு பிஸ்டன் ரிங் செய்ய ஆரம்பித்தார். பல்லாயிரக்கணக்கில் வார்த்துப் பார்த்ததில் 50 ரிங்குகளைத் தேர்ந்தெடுத்து டொயோட்டாவுக்கு அனுப்ப, தேறியது மூன்றே மூன்று. பிரச்சினை உலோகத்தில் இருந்தது. அவர் வார்த்ததில் சிலிக்கன் போதவில்லை. கை வேலை தெரிந்த அளவுக்கு மெட்டலர்ஜி தெரியவில்லை என்று புரிந்ததும், முப்பது வயதில் ஹமமட்சு தொழில்நுட்பப் பள்ளியில் போய் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான வகுப்புகளை மட்டும் கேட்டார், பரீட்சை எழுதவில்லை. டிப்ளமா கிடைக்கலை. ரிங் சரியாயிடுச்சு!

போரில் குண்டுவீச்சு ஒரு தொழிற்சாலையைச் சாய்த்தது. 1945 ஜனவரி நிலநடுக்கம் இன்னொன்றைச் சாய்த்தது. மிச்சமிருந்ததை 4,50,000 யென்னுக்கு டொயோட்டா குழுமத்திடம் விற்றுவிட்டார். 1946-ல், ராணுவம் வயர்லெஸ் கருவிகளுக்கு வைத்திருந்த குட்டி ஜெனரேட்டர் இன்ஜின்களை வாங்கி சைக்கிளில் மாட்டினார். முதல் மாதிரிக்கு பெட்ரோல் டேங்க் என்ன தெரியுமா? வீட்டில் ஒத்தடத்துக்கு வைத்திருந்த வெந்நீர் டப்பா.

1948-ல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. அடுத்த ஆண்டு டகேயோ ஃபுஜிசாவா சேர்ந்தார். பணமும் விற்பனையும் அவர் பொறுப்பு, மெஷின் இவர் பொறுப்பு. 1959-ல் ஐல் ஆஃப் மேன் டிடி பைக் ரேஸுக்குப் போய் 125 சிசி பிரிவில் ஆறாம் இடம். இரண்டே வருஷத்தில், 1961-ல், 125, 250 இரண்டு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கு.

கார் கட்டாதே என்றது அரசு

அதே 1961-ல் ஜப்பானின் தொழில் அமைச்சகம் ஒரு திட்டம் போட்டது. கார் கம்பெனிகளைச் சில குழுக்களாகச் சுருக்கி, புதியவர்கள் நுழையாமல் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதுவரை ஒரு கார்கூட விற்காத ஹோண்டாவுக்கு இது கதவடைப்பு. அதிகாரிகளிடம் நேரில் போய்ச் சண்டை போட்டார். சட்டம் வருவதற்குள் கார் வந்தாகணும் என்று இரவு பகலாக வேலை நடந்தது. 1963 ஆகஸ்ட்டில் டி360 என்ற குட்டி டிரக், அக்டோபரில் எஸ்500 ஸ்போர்ட்ஸ் கார். அந்தச் சட்டம் கடைசிவரை நிறைவேறவில்லை.

எஸ்500-இல் என்ன இருந்தது? 531 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை ஓவர்ஹெட் கேம், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு கார்புரேட்டர். 8,000 ஆர்.பி.எம்-இல் 44 குதிரைத்திறன். பின் சக்கரங்களைச் சுற்றியது பைக் மாதிரி செயின். 1964-ல் வந்த எஸ்600 606 சிசி-யில் 57 குதிரைத்திறன் கொடுத்தது. வகுத்துப் பாருங்க, லிட்டருக்கு சுமார் 94. இருபத்தாறு வருஷம் கழித்து வந்த என்எஸ்எக்ஸ், 3 லிட்டரில் 280. அதுவும் லிட்டருக்கு சுமார் 94 தான்! பவரை அளக்கும் முறை இடையில் மாறிவிட்டது என்பதால் இரண்டும் அப்படியே சமம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் டர்போ இல்லாமல், 1964-ல், அந்தச் சின்ன இன்ஜினில் இதைச் செய்தது சாதாரண விஷயமில்லை.

எஸ்500 வந்து ஒரு வருஷம்கூட ஆகலை, 1964 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஹோண்டா ஃபார்முலா 1 கார் ஓடியது. 1.5 லிட்டரில் 12 சிலிண்டர். அதாவது சிலிண்டருக்கு 125 சிசி, கிட்டத்தட்ட பைக் கணக்கு. 1965 அக்டோபர் 24, மெக்ஸிகோவில் ரிச்சி கின்தர் ஆர்ஏ272-ஐ முதலிடத்தில் கொண்டுவந்தார். ஃபார்முலா 1-இல் ஜப்பான் கார் ஒன்றின் முதல் வெற்றி அது.

அவர் தோற்ற விவாதம்

இங்கேதான் கதை திரும்புது. ஹோண்டாவுக்குக் காற்றுக் குளிர்ச்சி இன்ஜின் மேல் தீராத பிடிவாதம். தண்ணீரை வைத்துக் குளிர்வித்தாலும் அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றுதானே குளிர்விக்குது, நடுவில் ரேடியேட்டர் எதற்கு என்பது அவர் வாதம். அதன் விளைவு ஆர்ஏ302 ஃபார்முலா 1 கார். காற்றுக் குளிர்ச்சி வி8 இன்ஜின், எடை குறைக்க மெக்னீசியம் உடல். ஓட்டிப் பார்த்த ஜான் சர்டீஸ், இது ரேஸுக்குத் தயாராகவில்லை என்று மறுத்துவிட்டார். 1968 ஜூலை 7, பிரான்ஸின் ரூவான் டிராக்கில், மழையில், ஜோ ஷ்லெஸர் அதை ஓட்டினார். சில சுற்றுகளுக்குள் கார் மோதித் தீப்பிடித்தது. மெக்னீசியம் பற்றினால் அணைப்பது கஷ்டம். ஷ்லெஸர் இறந்துபோனார். அந்த சீசன் முடிவில் ஹோண்டா ஃபார்முலா 1-ஐ விட்டு விலகியது.

அதற்குப் பிறகும் பிடிவாதம் போகலை. 1969-ல் வந்த ஹோண்டா 1300 காரும் காற்றுக் குளிர்ச்சிதான். பவர் இருந்தது, ஆனால் இன்ஜின் கனம், செலவு அதிகம், சரியாக விற்கவில்லை. புகைக் கட்டுப்பாட்டுக்கு இன்ஜின் வெப்பநிலை சீராக இருக்கணும், அதுக்குத் தண்ணீர்தான் வழி என்று இளம் இன்ஜினியர்கள் வாதாடினார்கள். அவர் கேட்கவில்லை. கடைசியில் அவர்கள் ஃபுஜிசாவாவிடம் போனார்கள். அவர் ஹோண்டாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் இங்கே தலைவரா, இன்ஜினியரா? ஹோண்டா தலைவராக இருக்க முடிவு செய்து, தண்ணீருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்.

அந்த அனுமதியில் பிறந்ததுதான் 1972-ன் சிவிக், பிறகு சிவிசிசி இன்ஜின். ஒரு சின்ன முன்னறையில் பெட்ரோல் செறிந்த கலவையைப் பற்றவைத்து, அந்தத் தீயால் பெரிய அறையில் உள்ள மெலிந்த கலவையை எரிப்பது அதன் தந்திரம். பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் முடியாது என்று சொன்ன மாசு விதிகளை, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலே அது முதலில் தாண்டியது. இதை வைத்துப் பெரிய கம்பெனிகளை மிஞ்சலாம் என்று ஹோண்டா பேசியபோது, நாங்கள் இதைச் செய்தது சமூகத்துக்காக என்று இளைஞர்கள் மறுத்தார்கள். தன் காலம் முடிந்தது என்று அவருக்குப் பட்டது. 1973-ல், 66 வயதில், ஃபுஜிசாவாவும் அவரும் சேர்ந்தே ஓய்வு பெற்றார்கள். பிறகு ஊர் ஊராகப் போய் ஊழியர்களுக்கு நன்றி சொன்னார். என்எஸ்எக்ஸ் வந்த அடுத்த வருஷம், 1991 ஆகஸ்ட் 5 அன்று, 84 வயதில் காலமானார். கம்பெனி சார்பில் இறுதிச் சடங்கு வேண்டாம், டிராஃபிக் ஜாம் ஆகும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

சரி, எது கிரேட்?

ஆர்ஏ302 காகிதத்தில் துணிச்சலான கார், ஆனால் ஓட்டியவர் சொன்னதைக் கேட்காமல் டிராக்குக்கு வந்த கார். அதை கிரேட் என்று சொல்ல எனக்கு மனசு வரலை. எஸ்600-க்கு என் ஓட்டு உண்டு. கார் அனுபவமே இல்லாதவர்கள், நுழையாதே என்ற நெருக்கடிக்கு நடுவில், 606 சிசி-க்குள் செய்து காட்டிய வேலை அது. இன்னொரு ஓட்டு 1997-ன் முதல் சிவிக் டைப் ஆருக்கு. 1.6 லிட்டர், டர்போ கிடையாது, 185 குதிரைத்திறன். தண்ணீரில் குளிரும் இன்ஜின். முதலாளி தோற்ற விவாதத்தில் பிறந்த காரின் பேரன் அது.

சுப்ரா, ஜிடி-ஆர் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், உங்கள் கார்களும் லிஸ்டில் இருக்கட்டும். ஆனா அடுத்த தடவை குதிரைத்திறனைச் சொல்வதற்கு முன்னாடி, அந்தக் காரை யார், எந்த நெருக்கடியில் கட்டினார்கள், ஓட்டியவர் சொன்னதைக் கேட்டார்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. அப்புறம் சண்டை போடலாம்.