வீல்சேரில் ஒலிம்பிக் போன முதல் ஆள்: யார் இந்த நெரோலி ஃபேர்ஹால்?

பாராலிம்பிக் வேற, ஒலிம்பிக் வேற. இரண்டும் தனித்தனி போட்டிகள் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோட்டை முதன்முதலில் தாண்டியவர் நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வீல்சேரில் உட்கார்ந்தபடியே வில்வித்தையில் கலந்துகொண்டார். இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவர் ஒலிம்பிக்கில் போட்டியிட்டது அதுதான் முதல்முறை.

1944-ல் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். 1969-ல் பைக் விபத்து. அதன் பிறகு நடக்கவே முடியவில்லை. மூன்றே வருஷத்தில், 1972-ல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நடந்த பாராலிம்பிக்கில் நியூசிலாந்து அணியில் இருந்தார். ஆனால் வில்லோடு இல்லை, தடகள வீராங்கனையாக! வில் பிறகுதான் கைக்கு வந்தது. வந்ததும் விடவில்லை. 1980-ல் நெதர்லாந்தின் ஆர்னம் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் வில்வித்தையில் தங்கம்.

உண்மையான பரபரப்பு 1982-ல் பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டியில்தான். வில்வித்தை அந்தப் போட்டிக்குள் வந்ததே அப்போதுதான். எதிரே இருந்த எல்லாரும் நின்று எய்கிறவர்கள். 70, 60, 50, 30 மீட்டர் என நான்கு தூரங்கள், ஒவ்வொன்றிலும் 36 அம்புகள். அந்தச் சுற்றை இரண்டு தடவை முடிக்க வேண்டும். மொத்தம் 288 அம்புகள். எல்லாம் முடிந்து பார்த்தால் ஃபேர்ஹாலும் வட அயர்லாந்தின் ஜேனட் யேட்ஸும் ஒரே புள்ளி! டை பிரேக் விதிப்படி தங்கம் ஃபேர்ஹாலுக்குப் போனது.

உடனே கேள்வி கிளம்பியது: உட்கார்ந்து எய்தால் உடம்பு ஆடாதே, அது கூடுதல் சாதகம் இல்லையா? கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வில்லை இழுப்பது வெறும் கை வேலை இல்லை. நாணை இழுத்துப் பிடிக்கும்போது முதுகும் வயிறும் இடுப்பும் சேர்ந்து உடம்பைத் தாங்க வேண்டும். காலை ஊன்றி நிற்பவருக்குக் கிடைக்கும் பிடிமானம், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாதவருக்குக் கிடைக்காது. எது சுலபம் என்று ஃபேர்ஹாலால் ஒப்பிட்டுச் சொல்லவும் முடியாது. ஏன்னா, அவர் நின்றுகொண்டு அம்பு விட்டதே கிடையாது.

லாஸ் ஏஞ்சல்ஸில் அவருக்குக் கிடைத்தது 35-வது இடம். பதக்கப் பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் அவருக்குப் பிறகு 1996 அட்லாண்டாவில் இத்தாலியின் பாவோலா ஃபண்டாடோவும், 2016 ரியோவில் ஈரானின் ஜஹ்ரா நெமாதியும் வீல்சேரில் ஒலிம்பிக்குக்கு வந்தார்கள். மூவருமே வில்வித்தைக்காரர்கள் என்பதைக் கவனிக்கலாம். ஓட்டப்பந்தயம் போல இல்லாமல், ஒரே கோட்டில், ஒரே தூரத்தில், ஒரே விதியில் இருவரும் போட்டியிட முடிகிற விளையாட்டு இது.

இதில் நமக்கும் ஒரு கனெக்‌ஷன் இருக்கு. பிரிஸ்பேனுக்குப் பிறகு காமன்வெல்த்தில் வில்வித்தையை எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 28 வருஷம் கழித்து, 2010 டெல்லியில். ஃபேர்ஹாலுக்கு அடுத்து பெண்கள் ரிகர்வ் தனிநபர் தங்கத்தை வென்றவர் நம்ம தீபிகா குமாரி.

அந்த டெல்லி போட்டியைப் பார்க்க ஃபேர்ஹால் உயிரோடு இல்லை. 2000-ல் சிட்னி பாராலிம்பிக்கில், 56 வயதில், மறுபடியும் வில்லோடு களத்தில் இருந்தார். 2006 ஜூனில், பிறந்த ஊரான கிறைஸ்ட்சர்ச்சிலேயே 61 வயதில் காலமானார்.