விரல் நுனியில் வெளிச்சம் தந்தவர்!
லூயி பிரெயிலின் வாழ்க்கைக் கதை

திருக்கடையூரில் கூட்டம் இல்லாத நாளே கிடையாது. அறுபதாம் கலியாணம், எண்பதாம் கலியாணம் என்று ஊர் ஊராக வந்து இறங்குவார்கள். அபிராமி சன்னதியில் அந்தாதிப் பாட்டுக் கேட்கும்.

நூறு பாட்டு. பார்வை இல்லாத ஒரு குழந்தை அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் நடுவில் ஓர் அடி மறந்துபோனால்? புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க முடியுமா? யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் என்று ஒரு புலவர் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். முதுகில் எழுதிக் காட்டச் சொல்லியே எழுத்துக்களைக் கற்றார் என்று சொல்வார்கள். திருவாரூர் உலா பாடியவர் அவர்தான். கண் இல்லாவிட்டால் என்ன, தோல் படிக்கும் என்பதை அவர் அன்றே காட்டினார்.

அதையே உலகம் முழுவதற்கும் ஒரு முறையாக ஆக்கித் தந்தவர் லூயி பிரெயில்.

குத்தூசி செய்த கொடுமை

பிரான்சு நாட்டில், பாரிஸ் நகருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூப்வ்ரே என்று ஒரு கிராமம். அங்கே 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி பிரெயில் பிறந்தார். வீட்டில் நான்காவது குழந்தை, கடைக்குட்டி. தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர்.

மூன்று வயதில், அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசியை எடுத்து விளையாடினான் சிறுவன். ஊசி கண்ணில் பாய்ந்துவிட்டது. அந்தக் கண்ணில் சீழ் பிடித்தது. பிறகு மற்றக் கண்ணும் கெட்டது. ஐந்து வயதுக்குள் உலகமே இருண்டுவிட்டது.

பெற்றோர் மனம் உடைந்தனர். ஆனாலும் மகனை மூலையில் உட்கார வைக்கவில்லை. ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். காதால் கேட்டே அவன் பாடங்களைக் கற்றான்.

1819-ம் ஆண்டு, பத்து வயதில், பாரிசில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான்.

தடவித் தடவி...

அந்தப் பள்ளியில் புத்தகங்கள் இருந்தன. சாதாரண எழுத்துக்களையே பெரிதாக, மேடாக அழுத்தி அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வரியின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். புத்தகமோ தூக்க முடியாத கனம். அதைவிடப் பெரிய குறை, அந்த எழுத்தில் மாணவர்கள் தாமாக எழுத முடியாது.

1821-ல் சார்லஸ் பார்பியர் என்ற ராணுவ அதிகாரியின் புள்ளி எழுத்து அந்தப் பள்ளிக்கு வந்தது. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். விரல் நுனியில் அது அடங்கவில்லை.

பிரெயில் அதைப் பிடித்துக்கொண்டார். பாடம் முடிந்த பிறகும், விடுமுறையிலும் அதே வேலை. குத்தூசியைப் போன்ற ஒரு சிறு கருவியால் தாளில் புள்ளி குத்துவார், தடவிப் பார்ப்பார், மாற்றுவார். கண்ணைக் கெடுத்ததும் ஊசி. வழி காட்டியதும் ஊசி!

1824-ல் பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். ஆறு புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்தால் 63 குறிகள் கிடைக்கும். எழுத்து, எண், சங்கீதம் எல்லாவற்றுக்கும் அவை போதும். அப்போது அவருக்கு வயது பதினைந்து!

தடையும் வெற்றியும்

1829-ல் தம் முறையை விளக்கிப் புத்தகம் வெளியிட்டார். அதே பள்ளியில் ஆசிரியரும் ஆனார். மாதா கோவிலில் ஆர்கன் வாசித்தார்.

ஆனால் பள்ளியின் ஒரு தலைவர் புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். பார்வை உள்ளவர்களுக்குப் புரியாத எழுத்து எதற்கு என்பது அக்காலத்தில் பலருடைய எண்ணம். மாணவர்கள் விடவில்லை. ஒளித்து ஒளித்து எழுதினார்கள். 1844-ல் பள்ளியின் புதுக் கட்டிடத் திறப்பு விழாவில் எல்லோர் முன்னிலையிலும் எழுதிப் படித்துக் காட்டினார்கள். தடை தகர்ந்தது.

பிரெயிலைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி காலமானார். வயது 43. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1854-ல், பிரான்சு நாடு அவருடைய எழுத்தை ஏற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

தமிழிலும் வந்தது

இந்தியாவில் இந்த எழுத்தைப் பல விதமாக எழுதிவந்தார்கள். 1951-ல் எல்லா மொழிகளுக்கும் பொதுவாகப் "பாரதி பிரெயில்" ஏற்பட்டது. தமிழில் 247 எழுத்துக்கள் ஆயிற்றே, 63 குறிகள் எப்படிப் போதும்? "க" என்ற குறியை அடுத்து "ஆ" என்ற குறியை வைத்தால் "கா" ஆகிவிடும். முப்பது சொச்சம் குறிகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிட்டது!

இன்று கம்ப்யூட்டரும் கை கொடுக்கிறது. அச்சுப் புத்தகத்தைப் படம் பிடித்தால், அது எழுத்தை அறிந்து வாய்விட்டுப் படிக்கிறது. பிரெயில் புள்ளியாகவும் மாற்றுகிறது. இயந்திரம் எழுத்தைத் தப்பாகப் படித்தால் மனிதர் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

இப்படி மாற்றுவதற்குப் பதிப்புரிமை குறுக்கே நின்றது. 2012-ல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டது. 2013-ல் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. 2014-ல் அதை உலகிலேயே முதலில் உறுதி செய்த நாடு இந்தியா! 2016-ல் "சுகம்ய புஸ்தகாலயா" என்ற இணைய நூலகம் தொடங்கியது. ஆனாலும் மாற்ற வேண்டிய புத்தகங்கள் மலைபோல் இருக்கின்றன.

1952-ல், பிரெயில் இறந்து நூறு ஆண்டு ஆனபோது, அவர் உடலைப் பாரிசில் பெரியோர்கள் துயிலும் மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். கைகளை மட்டும் சொந்தக் கிராமம் வைத்துக்கொண்டது.

திருக்கடையூரில் எமனை வென்ற மார்க்கண்டனுக்கு என்றும் வயது பதினாறு. பிரெயில் ஆறு புள்ளி கண்டது பதினைந்தில். அந்த எழுத்துக்கும் அழிவில்லை. அந்தாதியில் ஓர் அடி மறந்த குழந்தை, யாரையும் கேட்காமல் தானே தடவிப் படித்துக்கொள்ளும் போதெல்லாம் அந்தக் கைகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன.