மூச்சை அளவுகோலாக்கிய ஆசான்

தில்லியில் ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்துவிட்டால், காலை நடைக்குக் கிளம்புவோரின் தொகை பாதியாகிவிடும். பனியோடு புகையும் சேர்ந்து கண்ணை எரிக்கும். லோதித் தோட்டத்திலும் நேரு பூங்காவிலும் உலாவி வந்த நம்மவர்கள், வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து அங்கேயே தேகப்பயிற்சி செய்யத் தொடங்குவார்கள். ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸ் ஆனாலும், கரோல்பாக் மாடிக் குடித்தனம் ஆனாலும், மயூர் விஹார் அடுக்குமாடி வீடானாலும், ஓர் ஆள் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். சிலர் யோகாசனம் செய்கிறார்கள். சிலர் மேல்நாட்டிலிருந்து வந்த பிலாட்டிஸ் பயிற்சியைச் செய்கிறார்கள்.

முதல் இரண்டு மாதம் உடம்பு வலிக்கும். ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிடும். அதன் பிறகுதான் கேள்வி எழுகிறது. பழகிப்போன பயிற்சியை இனி எப்படிக் கடினமாக்குவது? பத்து முறை செய்ததை நூறு முறை செய்வதா? கையில் எடையைப் பிடித்துக்கொள்வதா? அல்லது இன்னும் சிக்கலான ஆசனத்துக்குத் தாவுவதா?

இந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் தம் நூறாண்டு வாழ்க்கையையே விடையாக வைத்துப் போனார். அவர் யோகாசாரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார்.

தந்தையே முதல் குரு

மைசூர் ராஜ்யத்தில் சித்ரதுர்க்கா பகுதியைச் சேர்ந்த முசுகுந்தபுரம் என்ற கிராமத்தில், 1888-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி கிருஷ்ணமாசாரியார் பிறந்தார். தந்தை திருமலை ஸ்ரீநிவாச தாதாசாரியார்; தாய் ரங்கநாயகியம்மாள். ஆழ்வார்களின் அருளிச்செயல்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகளின் வழிவந்தது தங்கள் குடும்பம் என்று அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். வேதமும் சமஸ்கிருதமும் மட்டுமின்றி முதல் ஆசனங்களையும் பிள்ளைக்குக் கற்பித்தவர் தந்தைதான். ஆனால் பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போதே தந்தை காலமானார். குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பரகால மடத்தின் ஆதரவில் படிப்பு தொடர்ந்தது.

பதினாறு வயதில் ஆழ்வார்திருநகரிக்கு யாத்திரை சென்றபோது, மயங்கிய நிலையில் நாதமுனிகளைக் கண்டதாகவும், அவரிடமிருந்தே யோக ரகசியம் என்ற மறைந்துபோன நூலைக் கேட்டதாகவும் பிற்காலத்தில் அவர் சொல்லி வந்தார். பிறகு காசிக்குச் சென்று இலக்கணமும் தர்க்கமும் பயின்றார். இமயமலைக்கு அப்பால் மானசரோவர் ஏரிப் பக்கம் ராமமோகன பிரம்மசாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாகவும் கூறுவார். இந்தப் பகுதிக்கு அவர் சொல்லைத் தவிர வேறு சான்று கிடையாது. குரு கேட்ட தட்சிணை ஒன்றே ஒன்று. ஊர் திரும்பி, மணம் புரிந்து, இல்லறத்தானாக இருந்து யோகத்தைப் பிறருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதே அது.

தோட்டத்திலிருந்து அரண்மனைக்கு

அந்த வாக்கைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. பெரிய பட்டங்கள் பெற்ற பண்டிதருக்கு எங்கும் கௌரவமான வேலை காத்திருந்தது. யோகம் கற்பிப்பதற்குத்தான் சம்பளம் இல்லை. 1925-இல் நாமகிரியம்மாளை மணந்தார். குடும்பம் நடத்த வழியின்றி ஹாசன் மாவட்டத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தார். அரைக்கால் சட்டையும் தொப்பியும் அணிந்து, கையில் தடியோடு தோட்டத்தில் சுற்றி வந்த அந்த மனிதர், ஓய்வு நாட்களில் ஊர் ஊராகச் சென்று யோகத்தைப் பற்றிப் பேசினார்.

மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் பார்வை அவர் மேல் விழுந்த பிறகுதான் நிலைமை மாறியது. முதலில் சமஸ்கிருதக் கல்லூரியில் வேலை கிடைத்தது. 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டே யோக மகரந்தம் என்ற அவரது நூல் கன்னடத்தில் வெளிவந்தது.

யோகசாலையில் பெரும்பாலும் சிறுவர்களே பயின்றார்கள். ஓரிடத்தில் நில்லாத அந்த வயதுக்கு ஏற்றபடி, ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு மூச்சோடு சேர்ந்து தாவிச் செல்லும் முறையை அவர் கற்பித்தார். வின்யாசம் என்று அதற்குப் பெயர். மகாராஜாவின் கட்டளைப்படி பல ஊர்களுக்குச் சென்று கூட்டம் கூட்டிச் செயல்விளக்கம் காட்டினார். யோகத்தின் பக்கம் ஜனங்களைத் திருப்புவதற்காக ஓடும் காரை நிறுத்துவது, பாரத்தைப் பல்லால் தூக்குவது போன்ற வித்தைகளையும் செய்து காட்டியதுண்டு.

கண்டிப்பின் விலை

அந்நாளில் அவர் மிகக் கண்டிப்பான ஆசான். அவருக்கு முன்னால் மாணவர்கள் நடுங்குவார்கள். 1934-இல் அவருடைய மைத்துனன், நாமகிரியம்மாளின் தம்பி, மைசூருக்கு வந்து சேர்ந்தான். பதினைந்து வயது, நோய்களால் மெலிந்த உடம்பு. முக்கியஸ்தர்கள் முன்னிலையில், முன்பயிற்சி ஏதுமில்லாமல் ஹனுமானாசனம் செய்யும்படி தமக்குக் கட்டளை வந்ததையும், அதனால் தொடைத் தசை கிழிந்து நெடுநாள் அவதிப்பட்டதையும் அந்தச் சிறுவன் வளர்ந்து பெரியவனான பின் நினைவுகூர்ந்தது உண்டு. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற பி.கே.எஸ். அய்யங்கார்.

பயிற்சியைக் கடினமாக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி இது. படிகளைத் தாண்டிக் குதித்தால் உடம்பு அதற்கு விலை கேட்கும். படிப்படியாக ஏறுவதே வின்யாச கிரமம் என்று கற்பித்தவரின் சாலையிலேயே இது நேர்ந்தது. ஆசானும் அந்நாளில் வளர்ந்துகொண்டுதான் இருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

1937-இல் ருஷ்யப் பேரரசில் பிறந்த ஒரு பெண்மணி மாணவியாக வந்து நின்றார். அந்நியர், அதிலும் பெண் என்பதால் கிருஷ்ணமாசாரியார் முதலில் மறுத்துவிட்டார். மகாராஜா சொன்னதன் பேரில்தான் ஏற்றுக்கொண்டார். கடுமையான உணவு நியமங்களை விதித்தார். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் கடைப்பிடித்ததைக் கண்டு மனம் மாறி, தாமே முன்வந்து அவரை ஆசிரியையாகப் பயிற்றுவித்தார். இந்திரா தேவி என்ற பெயரில் அவர் ஷாங்காயிலும் பின்னர் ஹாலிவுட்டிலும் யோகம் கற்பித்து, 102 வயது வரை வாழ்ந்தார்.

அறுபதுக்கு மேல் புது வாழ்வு

சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்கள் மறைந்தன. மானியம் நின்று, 1950-ஐ ஒட்டி யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், பெரிய குடும்பம், வருமானம் கிடையாது. வேறொருவராக இருந்தால் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார். அவரோ 1952-இல் சென்னைக்கு வந்து, விவேகானந்தா கல்லூரியில் யோகம் கற்பிக்கும் பணியை ஏற்று, புதிதாகத் தொடங்கினார்.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் துள்ளித் திரியும் சிறுவர்கள் அல்லர். பக்கவாதம் வந்தவர், ஆஸ்துமாக்காரர், ஆபீஸ் நாற்காலியிலேயே முதுகு கூனியவர், பிள்ளை பெற்ற தாய்மார்கள், முதியவர்கள். மைசூர் முறையை அப்படியே இவர்கள் தலையில் கட்ட முடியாது. எனவே ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, நாடி பார்த்து, மூச்சு ஓடும் விதம் பார்த்து, வீட்டில் தினமும் செய்ய வேண்டியதை அவரவருக்கென்று வகுத்துக் கொடுத்தார். சில நாள் கழித்து வரச்சொல்லி, பழகியதைப் பார்த்து, அடுத்த படியைச் சேர்ப்பார். வீட்டுப் பயிற்சி என்பதற்கு இலக்கணம் வகுத்தது இந்தச் சென்னைக் காலம்தான் எனலாம்.

வளரும் வயதினருக்கு ஒரு வகை, இல்லறத்தில் உழல்வோருக்கு ஒரு வகை, முதுமையில் ஒரு வகை என்று பயிற்சியைப் பிரித்தார். இளைஞனுக்கு உடம்பை வளைக்கும் ஆசனங்கள் மிகுதி. குடும்பஸ்தருக்கு ஆசனம் அளவோடு, பிராணாயாமம் கூடுதல். முதியவருக்குத் தியானமும் பிரார்த்தனையும் முதன்மை.

கடினமாக்கும் கலை

பழகிப்போன ஆசனத்தை அவர் எப்படிக் கடினமாக்கினார் என்பதுதான் இன்றைய தில்லிவாசிக்குத் தேவையான பாடம். அவர் ஆசனத்தை மாற்றவில்லை, மூச்சை மாற்றினார்.

கையைத் தலைக்கு மேல் தூக்குவதை எடுத்துக்கொள்வோம். முதற்படியில் மூச்சை இழுத்துக்கொண்டே தூக்கி, விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். மூச்சு தொடங்கிய பின் அசைவு தொடங்கி, மூச்சு முடியுமுன் அசைவு முடிய வேண்டும். அது பழகியதும் மூச்சின் நீளம் கூட்டப்படும். நான்கு எண்ணும் நேரம் ஆறாகும், ஆறு எட்டாகும். அதே கையசைவு இப்போது இருமடங்கு வேலை வாங்கும். அடுத்த படி, மூச்சை இழுத்தபின் சிறிது நிறுத்துவது. அதற்கும் அடுத்தது, விட்டபின் நிறுத்துவது. அதன் பிறகே ஆசனத்தில் நிலைத்து ஆறு, எட்டு, பன்னிரண்டு மூச்சுகள் தங்குவது. இவை யாவும் கைகூடிய பின்னர்தான் கை காலின் நிலையை மாற்றி, அதே ஆசனத்தின் வேறு வடிவங்களுக்குப் போவது. ஒவ்வொரு கடின ஆசனத்துக்குப் பின்னும் உடம்பைச் சமன்படுத்தும் மாற்று ஆசனம் உண்டு. அதை விட்டுவிட அவர் அனுமதித்ததில்லை.

இதில் ஏமாற்ற இடமில்லை. எண்ணிக்கையைக் கூட்டுகிறவன் அவசரத்தில் பாதி பாதியாகச் செய்து நூறு கணக்குக் காட்டிவிடலாம். மூச்சு அப்படியல்ல. சக்திக்கு மீறினால் மூச்சு தடுமாறும், சீறும், உடையும். எப்போது மூச்சு கரடாகிறதோ, அன்றைய எல்லை அங்கே முடிந்தது. ஏற்றத்தில் செல்லும் ரயில் எஞ்சினின் சத்தமே அது இழுக்கும் பாரத்தைச் சொல்லிவிடுவது போல, மூச்சின் ஓசையே பயிற்சியின் பாரத்தைக் காட்டிக் கொடுக்கும்.

கடல் கடந்த உறவு

கிருஷ்ணமாசாரியாரின் காலத்திலேயே கடல் கடந்து ஒருவர் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தார் என்பது வியப்பானது. 1883-இல் ஜெர்மனியில் நோஞ்சான் பிள்ளையாகப் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் காவல் முகாமில் அடைபட்டிருந்து, அங்கே பாயில் செய்யும் பயிற்சிகளை உருவாக்கினார். 1926-இல் நியூயார்க் சென்று பயிற்சிக்கூடம் வைத்தார். 1945-இல் அவர் வெளியிட்ட நூலில் பாய்ப் பயிற்சிகள் 34-தான். அவற்றில் முதலாவது, மல்லாந்து படுத்துக் கால்களை உயர்த்தி, ஐந்து எண்ணி மூச்சை இழுத்து, ஐந்து எண்ணி விட்டு, கைகளை நூறு முறை அசைப்பது. முழங்கால் மடித்திருந்தால் எளிது. காலை நீட்டினால் கடினம். நீட்டிய காலைத் தரைக்கு அருகே இறக்கினால் இன்னும் கடினம். கருவி ஏதும் வேண்டாம். சில முறையே செய், பிசகாமல் செய் என்பது அவர் கொள்கை. 1967-இல் அவர் மறைந்தார். இருவருக்கும் பொதுவானது ஒன்று: மூச்சும் மனமும் சேராத அசைவை இருவருமே பயிற்சியாகக் கருதவில்லை.

கடைசிப் பாடம்

கிருஷ்ணமாசாரியாரின் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். 1960-களின் தொடக்கத்தில் வேலையை விட்டுத் தந்தையிடம் மாணவரானார். 1976-இல் சென்னையில் கிருஷ்ணமாசாரிய யோக மந்திரத்தை நிறுவினார். மைசூர் மாணவர்களான பட்டாபி ஜோய்ஸும் அய்யங்காரும் ஆளுக்கொரு பாணியில் யோகத்தை உலகெங்கும் கொண்டு சென்றார்கள். ஆசானோ கடல் கடந்து எங்கும் போகவில்லை.

96-ஆவது வயதில் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அவர் இசையவில்லை. படுக்கையில் படுத்தபடியே செய்யக்கூடிய அசைவுகளையும் மூச்சுப் பயிற்சியையும் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் ஓடும் காரை நிறுத்திக் காட்டியவருக்கு, இப்போது மூச்சோடு சேர்த்துக் கையை உயர்த்துவதே அன்றைய பயிற்சி. அதையும் அதே ஒழுங்கோடு செய்தார். அவரது நீண்ட வாழ்வில் மிகக் கடினமான பயிற்சி இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1989 பிப்ரவரி 28-ஆம் தேதி, நூறு வயது நிறைந்தவராகச் சென்னையில் காலமானார்.

2015 ஜூன் 21-ஆம் தேதி, முதல் சர்வதேச யோகா தினத்தன்று, அந்நாளில் ராஜபாதை என்று வழங்கிய தில்லிப் பெருவீதியில் 35,985 பேர் ஒரே நேரத்தில் பாய் விரித்து ஆசனம் செய்தார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் கிருஷ்ணமாசாரியாரின் வழியில் உண்மையான சோதனை மறுநாள் காலையில் தொடங்குகிறது. கூட்டமில்லை, ஒலிபெருக்கியில்லை, குளிர்ந்த தரையில் ஒரு பாய், ஓர் ஆள், ஒரு மூச்சு. நேற்றைய மூச்சைவிட இன்றைய மூச்சு ஓர் எண்ணிக்கை நீண்டிருந்தால், அன்றைய பயிற்சி நேற்றையதைவிடக் கடினமானது, பயனும் கூடுதலானது.