நாட்டு நெல்லுக்காகப் பதவி இழந்த ரிச்சாரியா

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் சீரகச் சம்பாவோ மாப்பிள்ளைச் சம்பாவோ போடுகிறீர்களா? அப்படியானால் ஆர்.ஹெச். ரிச்சாரியாவை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1909-ல் பிறந்து, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற இவர், 1959-ல் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். வெளிநாட்டுக் குட்டை ரகங்களை அவசர அவசரமாக இறக்கியபோது, விதையோடு நோயும் பூச்சியும் வந்து சேரும் என்று எதிர்த்தார். கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார்.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான். 1971-ல் ராய்ப்பூரில் மத்தியப் பிரதேச நெல் ஆராய்ச்சி நிலையம். இரண்டு வேளாண் பட்டதாரிகள், ஆறு களப்பணியாளர்கள், ஆண்டுக்கு 20,000 ரூபாய், வண்டி கிடையாது. இதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் 17,000-க்கும் மேற்பட்ட நாட்டு நெல் மாதிரிகளைச் சேர்த்தார்கள். நம்பச் சிரமம்தான்! நல்ல மகசூல் தரும் ரகங்களும் அவற்றில் இருந்தன.

தூர் பிரித்து நட்டுப் பயிரைப் பெருக்கும் முறையையும் அவர் வலியுறுத்தினார். அரிய ரகத்தில் கைப்பிடி விதைதான் கிடைத்தது என்றால், நீங்களும் செய்து பார்க்கலாம்: ஒற்றை நாற்றாக நட்டு, தூர் கட்டியதும் வேரோடு பிரித்து நடுங்கள்.

1976-ல் அந்த நிலையத்தை மூடினார்கள். ரிச்சாரியா 1996-ல் காலமானார். 2002-ல் அவருடைய சேகரிப்பைப் பயன்படுத்த சின்ஜென்டா கம்பெனி ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தோடு பேசியது. சத்தீஸ்கர் விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள், கம்பெனி பின்வாங்கியது.