அயோத்திதாச பண்டிதர்: வாயிலில் காத்து நில்லாத வாழ்வு

பண்டிதர் க. அயோத்திதாசர் 1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றுக்கொண்டார். அன்னாரின் பாட்டனார் கந்தப்பன் ஓர் ஆங்கிலேயர் இல்லத்தில் பணி புரிந்தவர். அவர் வைத்திருந்த திருக்குறட் சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றதென்று பண்டிதர் எழுதியுள்ளார். ஏடும் சித்த மருத்துவமும் அக்குடும்பத்தில் வாழையடி வாழையாக வந்த செல்வங்கள். கல்லாத கூட்டம் என்று நம்மைச் சொல்லியவர்கள் இதனை அறிந்திலர் போலும்!

அது வைணவப் பற்றுடைய குடும்பம். நீலகிரியில் வாழ்ந்த இளமைக் காலத்தில் பண்டிதர் அத்வைதத்தில் தோய்ந்து, அத்வைதானந்த சபையை நிறுவினார். ஆன்மா ஒன்றே எனின் சாதி ஏது என்பது அன்னார் கொண்ட நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குச் சோதனை 1892-இல் வந்தது. சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், நம் மக்கள் சிவன், விஷ்ணு ஆலயங்களுள் சென்று வழிபட இசைவு வேண்டினார். உங்களுக்கு மதுரை வீரனும் காட்டேரியும் உண்டு, இத்தெய்வங்கள் உங்களுடையன அல்ல என்னும் பொருளில் விடை கிடைத்தது. அவையும் அதற்கு உடன்பட்டது. பண்டிதர் கெஞ்சினாரல்லர். அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா, எம் பிள்ளைகட்கு இலவசக் கல்வியும் வெற்று நிலமும் தருக என்று கேட்டு அமர்ந்தார்.

அடுத்த ஆறு ஆண்டுகள் அன்னாரின் உள்ளத்தில் நிகழ்ந்தது யாதென நாம் ஊகிக்கவே இயலும். வெறுப்பால் மதம் துறந்தார் என்பது எளிய விளக்கம். ஆனால் அன்னாரின் பிற்கால எழுத்துகளைப் பயில்வோர்க்கு அது போதாது. பழந்தமிழ் நூல்களையும் நிகண்டுகளையும் துருவி, நம் முன்னோர் பௌத்தரே என்னும் முடிவுக்கு வந்தார். அவ்வரலாற்றின் பல கூறுகளை அறிஞர் ஏற்பதில்லை. எனினும், பிறர் சூட்டிய இழிபெயரை மறுத்துத் தம் பெயரைத் தாமே தேடிய நேர்மை அதில் உண்டு.

1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று, வித்தியோதயப் பிரிவேனாவில் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. அங்கு வரம் தரும் கடவுளில்லை. ஆராய்ந்து ஏற்கும் அறமே உண்டு. நம் மக்கள் வாயிலுக்கு வெளியே நிற்காமல், உள்ளே அமர்ந்து அறவுரை கேட்டனர், தாமும் பேசினர். கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் டர்பனிலும் உழைக்கச் சென்ற தமிழர் கிளைகள் கண்டனர். மைந்தர் ஒருவருக்குப் பட்டாபிராமன் என்று பெயரிட்டவர், மகளுக்கு மாயாதேவி எனப் புத்தரின் அன்னை பெயரை இட்டார். அவ்வில்லத்தில் சமயம் மாறிய கதையை அப்பெயர்களே கூறும்.

1907 சூன் 19-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார ஏடு வெளிவந்தது. மறு ஆண்டு 'தமிழன்' ஆயிற்று. நான்கே பக்கங்கள். கல்வி, நிலம், மருத்துவம், பௌத்தம் யாவும் அதில் இடம்பெற்றன. ஒன்றை மறைத்தல் தகாது. தமக்கும் கீழே சில சாதியாரை வைத்துப் பேசும் பழக்கம் அவ்வெழுத்தில் சில இடங்களில் தலைகாட்டுகிறது. அனைவரையும் வரவேற்கும் சங்கத்தைக் கண்டவரின் கண்ணும் அங்கே மங்கியது. நம் இளைஞர் அப்பக்கங்களையும் விடாது படித்தல் வேண்டும்.

பண்டிதர் 1914 மே 5-இல் மறைந்தார். பட்டாபிராமன் சில காலம் ஏட்டை நடத்தினார். பின்னர்த் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதற்கு மீண்டும் உயிரூட்டினார்.