கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார் மன்னர்

ஆடி மாதம் பிறந்து விட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அம்மன் கோவில் திருவிழாக்கள் களை கட்டும். இரவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். பாட்டுக்கு அடியில் "தும், தும்" என்று கனத்த ஒலி ஒன்று கேட்கும். அது காதில் விழுவதைவிட நெஞ்சில்தான் அதிகமாக அதிரும்.

அந்த ஒலியைத் தருவது "பாஸ் கிட்டார்." அதற்குப் பெரும்பாலும் நான்கே கம்பிகள்தான்.

அந்தக் கருவியை உலகம் எங்கும் பரப்பியவர் அமெரிக்கரான லியோ பெண்டர். வேடிக்கை என்ன தெரியுமா? அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! சுருதி சேர்க்கவும் தெரியாது!

கண்ணை இழந்த சிறுவன்

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்ட்டன் என்ற ஊருக்கு அருகே லியோ பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்து இருந்தார்கள்.

லியோவுக்கு 8 வயது இருக்கும்போது இடது கண்ணில் கட்டி ஏற்பட்டது. கண்ணையே எடுத்துவிட வேண்டியது ஆயிற்று. அதன்பிறகு ஆயுள் முழுவதும் கண்ணாடிக் கண்தான்.

உறவினர் ஒருவர் மோட்டார்களுக்கு மின்சார வேலை செய்யும் பட்டறை வைத்து இருந்தார். அங்கு இருந்த ரேடியோவின் முழக்கம் சிறுவனின் மனதைக் கவர்ந்தது. அன்று முதல் ரேடியோவைப் பிரிப்பதும் பூட்டுவதும்தான் அவருக்கு விளையாட்டு.

பியானோ கற்றார். சாக்சபோன் ஊதிப் பார்த்தார். இரண்டுமே நிலைக்கவில்லை. கல்லூரியில் கணக்கு எழுதும் படிப்பைப் படித்து, கணக்கர் வேலையில் சேர்ந்தார். 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார்.

அது அமெரிக்காவில் பஞ்ச காலம். தொழில்கள் படுத்துவிட்டன. லியோவின் வேலையும் போயிற்று.

அவர் மனம் தளரவில்லை. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, புல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை திறந்தார்.

இசைக்காரர்கள் வந்தார்கள்

கடைக்கு இசைக்குழுவினரும் வரத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கி கெட்டுப் போனால் லியோதான் வைத்தியர். அவர்களுடைய குறைகளைக் கேட்டுக் கேட்டு, தாமே ஒலிபெருக்கியும் கிட்டாரும் செய்ய ஆரம்பித்தார். 1946-ல் சொந்தப் பெயரில் கம்பெனி தொடங்கினார்.

அப்போது பெரிய கஷ்டத்தில் இருந்தவர்கள் பாஸ் வாசிப்பவர்களே. அவர்களுடைய கருவி ஆள் உயரத்துக்கும் மேல் இருக்கும். அதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. இத்தனைக்கும், டிரம்ஸ் முழங்க ஆரம்பித்தால் அதன் ஒலி யாருக்கும் கேட்காது! விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கட்டைகளும் அதில் கிடையாது. விரல் சற்று நகர்ந்தால் சுருதி போய்விடும்.

34 அங்குலம்

தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பாஸ் செய்ய வேறு சிலரும் முயன்றது உண்டு. ஆனால் அவை பரவவில்லை. லியோ 1951-ல் வெற்றி கண்டார்.

கம்பியின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. குறைவாக இருந்தால் கம்பி தொளதொளக்கும். அதிகமாக இருந்தால் கை எட்டாது. பல நீளங்களைச் சோதித்து, 34 அங்குலம் என்று முடிவு செய்தார். இன்றும் பெரும்பாலான பாஸ் கிட்டார்களுக்கு அதுவே அளவு!

அடுத்த கேள்வி, எந்தக் கம்பி? பழைய பாசில் ஆட்டுக் குடலில் செய்த நரம்பைக் கட்டுவார்கள். மின்சாரக் கருவியிலோ, கம்பியின் அதிர்வைக் காந்தம் உணர வேண்டும். குடல் நரம்பு காந்தத்துக்குத் தெரியாது. எனவே அந்த நரம்பின் மேல் இரும்புக் கம்பியைச் சுற்றினார்! பிறகு முழுவதும் உலோகத்தால் ஆன கம்பிகள் வந்தன.

சரியான இடத்தில் சுரம் பேசும்படி கட்டைகளையும் வைத்தார். அதனால் "துல்லியம்" என்று பொருள்படும் "பிரிசிஷன்" என்ற பெயரைச் சூட்டினார்.

சாதாரண கிட்டார் ஒலிபெருக்கி, பாசின் கனத்த ஒலியைத் தாங்காது. ஆகவே 1952-ல் 15 அங்குல ஸ்பீக்கர் கொண்ட "பாஸ்மேன்" ஒலிபெருக்கியைச் செய்தார். பின்னாளில் லண்டனில் இசைக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், பாஸ்மேனை மாதிரியாக வைத்தே தம் முதல் ஒலிபெருக்கியை உருவாக்கினார்.

தமக்கு வாசிக்கத் தெரியாததால், வாசிப்பவர் சொன்னதை லியோ வேதமாக எடுத்துக்கொண்டார். புதுக்கருவியைக் கச்சேரிக்காரரிடம் கொடுத்து அனுப்புவார். அவர் குறை சொன்னால் திருத்துவார்.

1950-களின் நடுவில் நோய் அவரைப் பிடித்தது. இனிப் பிழைப்பது அரிது என்று எண்ணி, 1965-ல் கம்பெனியை விற்றுவிட்டார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர்! ஆனால், பிறகு வேறொரு டாக்டரின் சிகிச்சையில் குணம் அடைந்தார்.

ஏழை இளைஞரின் முழக்கம்

1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் "பங்க்" என்ற புதிய இசை வெடித்துக் கிளம்பியது. சங்கீதம் கற்காத இளைஞர்கள், மூன்றே பிடிகளை வைத்துக்கொண்டு வேகமாக வாசித்தார்கள். வேலை இல்லாத் திண்டாட்டத்தையும் கோபத்தையும் பாடினார்கள்.

"ரமோன்ஸ்" குழுவின் டீ டீ ரமோன், "கிளாஷ்" குழுவின் பால் சிமோனான் முதலிய பலரும் தோளில் மாட்டியது லியோவின் பிரிசிஷன் பாஸ்தான். சிமோனான் குழுவில் சேர்ந்தபோது அவருக்கும் வாசிக்கத் தெரியாது!

இந்த இசைக்குக் கம்பித் தேர்வு முக்கியம். பாஸ் கம்பியில் இரண்டு வகை அதிகம் புழங்கும். ஒன்று, தட்டையான தகடு சுற்றியது. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். அதன் ஒலி மென்மையானது. மற்றொன்று, உருண்டைக் கம்பி சுற்றியது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஒலி பளிச்சென்று கணீரென்று வரும். பங்குக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகையே.

கனத்தைப் பொறுத்தவரை, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 45 பங்கு முதல் 105 பங்கு வரை உள்ள நான்கு கம்பிகளைப் பலரும் பொது அளவாகக் கொள்வார்கள். விரலுக்குப் பதில் மீட்டு தகட்டால் அடித்து வாசிப்பதால், கம்பி மிக மெலிதாக இருந்தால் தடுமாறும்.

ஒலிபெருக்கித் திருகுகளில்தான் பலர் ஏமாறுவார்கள். பாஸ் கருவிதானே என்று "பாஸ்" திருகை முழுவதும் திருப்பிவிடுவார்கள். ஒலி கலங்கி, டிரம்ஸ் ஓசையில் கரைந்துவிடும். "பாஸ்" திருகை நடுவில் வைத்து, "மிடில்" திருகைச் சற்று ஏற்றினால் ஒவ்வொரு சுரமும் தனியே கேட்கும். "கெயின்" திருகை ஒலி இலேசாகக் கரகரக்கும் வரை ஏற்றினால் போதும். பங்க் இசைக்கு அந்தக் கரகரப்பே அழகு.

1979 செப்டம்பரில் நியூயார்க் கச்சேரியில், நாற்காலியை விட்டு எழுந்து ஆட ரசிகர்களைக் காவலர்கள் விடவில்லை. ஆத்திரம் அடைந்த சிமோனான், தமது பாசை மேடையில் ஓங்கி அடித்து உடைத்தார். அந்தப் படம் "லண்டன் காலிங்" இசைத்தட்டின் அட்டையில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

கடைசி நாள் வரை

கம்பெனியை விற்ற பணம் ஏழு தலைமுறைக்குப் போதும். ஆனாலும் லியோ சும்மா இருக்கவில்லை. 1970-களில் புதிய பாஸ் கிட்டார்களை வடிவமைத்தார். 1979-ல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரிலும் பட்டறையை விடவில்லை. பழைய நண்பர் ஜார்ஜ் புல்லர்ட்டனுடன் சேர்ந்து "ஜி அண்ட் எல்" என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

முதுமையில் நடுக்கு வாதம் வந்தது. கை நடுங்கியபோதும் நாள் தவறாமல் பட்டறைக்குச் சென்றார். 1991 மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார். அதற்கு முந்தின நாள்கூட வேலை செய்தார்!

வாசிக்கத் தெரியாதவர், வாசிப்பவரின் கஷ்டத்தைத் தெரிந்துகொண்டார். பிறர் சொல்வதைக் கேட்கும் காது அவருக்கு இருந்தது. அதுவே லியோ பெண்டரின் வெற்றி.