கல், விளக்கு, கண்ணாடி

காரக்கோணம், பாறசாலை முதலிய எல்லையோரச் சிற்றூர்களுக்கு அண்மையில், நெய்யாறு பாறைகளினூடே பாய்ந்தோடும் தலம் அருவிப்புறம். 1888-ஆம் ஆண்டு மகாசிவராத்திரி இரவில் ஸ்ரீ நாராயண குரு அந்த ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்தார். அதை மார்போடு அணைத்து, கண்ணீர் மல்க நெடுநேரம் தியானத்தில் நின்றார் என்பர். பின்னர் அங்கிருந்த பாறையையே பீடமாக்கி, கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார்.

ஈழவ மக்களுக்கு உயர்சாதியினரின் கோயில்களில் நுழைய உரிமையில்லாத காலம் அது. சிவனைப் பிரதிஷ்டை செய்வது அந்தணருக்கே உரியது எனக் கருதியவர்கள் அவரது அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கினர். தாம் நிறுவியது ஈழவரின் சிவனையே என்று குரு அமைதியாக விடையளித்தாராம். சாதி இறைவனுக்கில்லை, குறியீட்டைக் காவல் காப்பவருக்கே உண்டு என்பதை இதைவிட மென்மையாக உணர்த்த இயலாது.

குரு 1856-இல் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர். தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். குமரி மாவட்டத்து மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தார். தமிழில் ஆழ்ந்த புலமை பெற்று, ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் நூலை மலையாளத்தில் பெயர்த்தார். அருவிப்புறத்திற்கு முன்பே அவர் அத்வைதியாகத் திகழ்ந்தார். எனவே உருவத்தில் தொடங்கிப் படிப்படியாக அருவத்தை அடைந்தார் என்று அவரை மதிப்பிடுவது பொருந்தாது. படிகள் அவருக்காக அமைந்தவை அல்ல.

தாழ்ந்ததில் உயர்ந்ததைக் காண்பதே உபாசனை என்பது பிரம்மசூத்திர பாஷ்யத்தில் ஸ்ரீ சங்கரர் காட்டும் நெறி. தேரோட்டியை அரசனாகப் பாவிக்கலாம். அரசனைத் தேரோட்டியாகப் பாவித்தால் கேடு விளையும். கல்லைச் சிவனாகக் கண்டவர் குரு. சிவனைக் கல்லளவில், அதுவும் ஒரு சாராரின் உடைமையாக, சுருக்கிக் கண்டவர்கள் அவரை எதிர்த்தோர்.

1912-இல் சிவகிரியில் சாரதா தேவியைப் பிரதிஷ்டை செய்தார். அங்கு அபிஷேகமும் நைவேத்தியமும் இல்லை. ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் விக்கிரகமே இல்லை. காரமுக்கில் விக்கிரகத்தின் இடத்தில் விளக்கை வைத்தார். முருக்கும்புழையில் ஓங்காரத்துடன் வாய்மை, அறம், தயை, சாந்தி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களே பிரதிஷ்டையாயின.

1927-இல் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் விக்கிரகம் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போருமாக ஊர் பிளவுபட்டிருந்தது. குரு ஒரு கண்ணாடியைத் தருவித்து, அதன் பின்புற ரசத்தைச் சுரண்டி ஓங்காரம் எழுதச் செய்து, அதையே பிரதிஷ்டை செய்தார். வழிபட வந்தவர் கண்டது பிரணவத்தையும், அதனூடே தம் முகத்தையும்.

1928 செப்டம்பர் 20 அன்று சிவகிரியில் குரு மகாசமாதி அடைந்தார். திருவிதாங்கூர் அரசின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-இல் வெளிவந்தது. அருவிப்புறத்தில் அவர் நிறுவிய சிவனுக்கு இன்றும் வழிபாடு நடைபெறுகிறது.